பழைய எஃகு சைக்கிள் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

பழைய எஃகு ஃபிரேம்களை வாங்கி, பல வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களைப் பூட்டி, ஓடும் சைக்கிளாக்கி விற்பது என் வேலை. வண்டிகள் வேறு வேறு. பழுதுகள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். பெரும்பாலும் பாகம் கெட்டுப்போயிருக்காது. அந்த இடத்துக்கு உரிய பாகமாக அது இருக்காது, அவ்வளவுதான். அரை மில்லிமீட்டர் குறைவான ஒன்றை யாரோ இறுக்கி ஓட்டியிருப்பார்கள், கால் மில்லிமீட்டர் அதிகமான ஒன்றை யாரோ அடித்து இறக்கியிருப்பார்கள். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும், சுத்தியலைத் தொடும் முன் வெர்னியர் காலிபரை எடுங்கள்.

மற்றபடி வேண்டியவை: நீளமான எஃகு அளவுகோல், முறுக்கேறாத மெல்லிய நூல், ஸ்போக்ஸ் சாவி, கிரீஸ், துருவில் ஊடுருவும் எண்ணெய், நல்ல டார்ச்.

## மிதிக்கும்போது சத்தம் வருகிறது

எல்லோரும் முதலில் பி.பி.யை, அதாவது பெடல் கைகளான கிராங்குகளின் அச்சு சுழலும் பேரிங்கை (பாட்டம் பிராக்கெட்), சந்தேகிப்பார்கள். அதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். எஃகுக் குழாய் சத்தத்தை எங்கெங்கோ கொண்டுபோகும். சீட்டுக்கு அடியில் பிறக்கும் 'கிரீச்' காலடியில் கேட்கும். கழற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்த்தே பாதி இடங்களை விலக்கிவிடலாம்.

### எழுந்து நின்று மிதித்தால் நின்றுவிடுகிறது

சத்தம் சீட்டில் இருக்கிறது. சீட்டின் கம்பிகளைக் கவ்வும் கிளாம்பைக் கழற்றித் துடைத்து, கம்பி உட்காரும் பள்ளத்தில் துளி கிரீஸ் வைத்து இறுக்குங்கள். போகவில்லையென்றால் சீட்டைத் தாங்கும் தண்டான சீட் பில்லரை வெளியே எடுத்து, குழாயின் உட்புறத்தைத் துடைத்து, புதிய கிரீஸ் தடவி இறக்குங்கள். இதற்கும் அடங்காத சத்தம் தோல் சீட்டின் ஆணிகளிலிருந்து வரும். அது வண்டிக்குக் கெடுதல் செய்யாது.

### மிதிக்காமல் உருளும்போதும் வருகிறது

சக்கரத்தைப் பாருங்கள். இரண்டு ஸ்போக்ஸ் ஒன்றையொன்று குறுக்கே தொடும் இடத்தில் உரசல் இருக்கும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சோதிக்கலாம். அடுத்தது அச்சு நட்டு. புதிதாகப் பெயிண்ட் அடித்த ஒரு ஃபிரேமில் இரண்டு நாள் ஒரு சத்தத்தைத் தேடினேன். பி.பி.யை இரண்டு முறை பிரித்து மூடியிருந்தேன். கடைசியில் பின் சக்கரத்தை எடுத்தபோது, சக்கர அச்சு உட்காரும் பிளவான டிராப்அவுட்டின் உள்முகத்தில் பெயிண்ட் தடித்த தோலாகப் படிந்திருந்தது. நட்டின் பற்கள் அதில் பதிந்து, நசுங்கி, ஓரத்தில் பிசிராகப் பிதுங்கியிருந்தது. கத்தியால் சுரண்டி இரும்பு தெரிந்ததும் சக்கரத்தைப் பூட்டினேன்; சத்தம் அதோடு போயிற்று. அன்றிலிருந்து பெயிண்ட் வேலை முடிந்து வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் டிராப்அவுட், பி.பி.யைத் தாங்கும் குறுங்குழாயான ஷெல்லின் முகம், ஃபோர்க் நுழையும் ஹெட் குழாயின் இரண்டு வாய்கள் ஆகியவற்றை முதலிலேயே சுரண்டிவிடுகிறேன்.

### நின்றாலும் உட்கார்ந்தாலும், மிதிக்கும்போது மட்டும் வருகிறது

இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பெடல். இரண்டையும் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் வைத்து நன்றாக இறுக்குங்கள். இடது பெடலுக்கு இடதுமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். குழப்பம் வந்தால், ஸ்பேனரின் பிடியை மேல்பக்கம் வைத்து வண்டியின் பின்புறம் நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும் என்று நினைவில் வையுங்கள். சத்தம் போகவில்லையென்றால், வேறு வண்டியின் பெடலைப் பூட்டி ஐந்து நிமிடம் ஓட்டினால் பெடலா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, செயின் வீலைக் கிராங்கோடு பிடிக்கும் சிறிய போல்ட்டுகள். ஒன்று தளர்ந்தாலே போதும். மூன்றாவது, கிராங்க் போல்ட். நான்காவதாகத்தான் பி.பி. கப், அதாவது பி.பி.யை ஷெல்லில் பூட்டும் மரையுள்ள கிண்ணம்: கழற்றி, மரையில் கிரீஸ் வைத்து, மீண்டும் இறுக்கமாக ஏற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் சத்தம் நின்ற பாடில்லை என்றால், கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய் ஃபிரேமில் விரிசல் தேடுங்கள். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

### ஒவ்வொரு சுற்றிலும் 'டொக்' என்று ஒரு அடி, காலுக்குக் கீழே ஒரு கணம் வெறுமை

காட்டர் பின் (கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு) போட்ட கிராங்க்கில் இது வரும். பின் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் இறுக்கினால் நிற்காது; மரைதான் அறுந்துபோகும். கிராங்க்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பின்னின் தலையை அடித்து உட்கார வைத்து, அதன் பிறகு நட்டை இறுக்குங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பி.பி. குண்டுகளின் மேல் விழும். பின்னின் சாய்ந்த முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய பின் வேண்டும். வாங்கும்போது விட்டத்தை அளந்து வாங்குங்கள்: 9.5 மி.மீ.யும் உண்டு, 9 மி.மீ.யும் உண்டு. 9.5 மி.மீ. துளையில் 9 மி.மீ. பின் ஒரு வாரம்கூட நிற்காது. இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து நுழைய வேண்டும். ஒரே திசையில் போட்டால் கிராங்குகள் நேர்க்கோட்டில் நிற்காது.

## கிராங்க் திரும்பத் திரும்பத் தளர்கிறது

சதுர அச்சில் உட்காரும் அலுமினியக் கிராங்க் பற்றிய பகுதி இது. போல்ட்டைச் சுமார் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். கைக்கு நன்றாக வேலை கொடுக்கும் இறுக்கம் அது. ஒரு முறை இறுக்கி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, மறுபடி பாருங்கள்.

இறுக்கியும் தளர்கிறது என்றால் அச்சைப் பாருங்கள். சதுர அச்சில் ஜப்பானிய அளவு, ஐரோப்பிய அளவு என இரண்டு உண்டு. சரிவுக் கோணம் ஒன்றுதான். முனையின் பருமன்தான் வேறு. மெல்லிய ஐரோப்பிய முனையில் ஜப்பானிய அளவுக் கிராங்கைப் போட்டால், அது அளவுக்கு மீறி உள்ளே போய்விடும். போல்ட் அச்சின் முனையிலேயே முட்டி நிற்கும், கிராங்க் இறுகாது. போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்: அச்சின் முனை கிராங்கின் துளைக்குள் சற்று உள்ளடங்கி இருக்க வேண்டும். முனை வெளியே தள்ளிக்கொண்டு தெரிந்தால் அச்சை மாற்றுங்கள். தலைகீழாக, ஜப்பானிய முனையில் ஐரோப்பிய அளவுக் கிராங்கைப் போட்டால், அது சுமார் 4.5 மி.மீ. வெளியிலேயே நின்றுவிடும், செயின் நேராக ஓடாது.

தளர்ந்த கிராங்கோடு பல நாள் ஓட்டப்பட்டிருந்தால் சதுரத் துளையின் மூலைகள் உருண்டுபோயிருக்கும். அதைக் காப்பாற்ற வழியில்லை. தகரத் துண்டு வைத்து இறுக்கி விற்கும் பழக்கம் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். ஏற்றத்தில் முழு எடையோடு மிதிக்கும் ஒருவரின் காலடியில்தான் அது கழன்று வரும்.

கழற்றும்போதும் ஒரு எச்சரிக்கை. கிராங்கைப் பிடுங்கும் கருவியின் மரை பெரும்பாலும் 22 மி.மீ. சில பழைய பிரெஞ்சுக் கிராங்குகளில் 23 மி.மீ.யும் 23.35 மி.மீ.யும் உண்டு. 22 மி.மீ. கருவி அவற்றில் பிடித்ததுபோலத் தோன்றி, இழுக்கும்போது மரையை உரித்துக்கொண்டு வரும்.

## பி.பி. கப் மரையில் ஏற மறுக்கிறது

விரலால் மூன்று சுற்று போகவில்லை என்றால் ஸ்பேனரை வைக்காதீர்கள். மரையைத் துணியாலும் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷாலும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். பழைய பெயிண்ட் துகளே பல நேரம் தடுக்கும்.

அப்படியும் ஏறாவிட்டால் ஷெல்லின் அகலத்தையும் பழைய கப்பின் வெளிவிட்டத்தையும் அளந்து பாருங்கள்.

அகலம் 68 மி.மீ., கப் 34.8 மி.மீ. என்றால் ஆங்கில மரை. அங்குலத்துக்கு 24 சுற்று. செயின் பக்கம் இடதுமரை. அகலம் 70 மி.மீ., கப் 36 மி.மீ. என்றால் இத்தாலிய மரை. இரண்டு பக்கமும் வலதுமரை. அகலம் 68 மி.மீ., கப் 35 மி.மீ. என்றால் பிரெஞ்சு மரை, இரண்டு பக்கமும் வலதுமரை. அதே 35 மி.மீ.யில் செயின் பக்கம் மட்டும் இடதுமரையாக இருந்தால் சுவிஸ். பழைய ராலே வண்டிகளில் அங்குலத்துக்கு 26 சுற்று கொண்ட மரையும், 71 அல்லது 76 மி.மீ. அகல ஷெல்லும் உண்டு. 24 சுற்றுக் கப் அதில் இரண்டு சுற்று போய் இறுகிவிடும், அங்கிருந்துதான் நாசம் தொடங்கும்.

ஆங்கிலக் கப்புக்கும் பிரெஞ்சுக் கப்புக்கும் இடையே 0.2 மி.மீ.தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மரை அறுந்த ஷெல்கள் என்னிடம் வரும்போது பாதிக் கதை இதுதான்.

மரை லேசாகக் காயம்பட்டிருந்தால், அதே அளவுள்ள மரைவெட்டியை ஓட்டிச் சரிசெய்யலாம். அந்தக் கருவி விலையுயர்ந்தது, வருடத்துக்கு ஒரு முறைதான் வேலை இருக்கும்; வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஃபிரேமைக் கொண்டுபோங்கள். ஆங்கில மரை முழுக்க அழிந்திருந்தால் 36 மி.மீ. இத்தாலிய மரையாகப் பெருக்கி வெட்டலாம். ஆனால் இத்தாலிய ஷெல்லில் அழிந்தால் பெருக்க இடமில்லை. மரை தேவைப்படாத, உள்ளே விரிந்து கவ்வும் பி.பி. ஒன்றுதான் வழி.

## சீட் பில்லர் இறங்கிக்கொண்டே போகிறது

கிளாம்ப் போல்ட்டை இறுக்கும் முன், லக்கின் (குழாய்களை இணைக்கும் உறை) பின்னால் உள்ள இரண்டு காதுகளைப் பாருங்கள். இணையாக நிற்க வேண்டும். மேலே நெருங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பில்லர் சிறியது.

பில்லர்கள் 0.2 மி.மீ. இடைவெளியில் வருகின்றன: 26.0, 26.2, 26.4, 26.6, 26.8, 27.0, 27.2. மெல்லிய நல்ல குழாய்களில் 27.2 அதிகம், தடித்த சாதாரணக் குழாய்களில் அதைவிடச் சிறியவை. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பில்லரை நம்பி அளவு சொல்லாதீர்கள். அதையும் யாரோ மாற்றியிருக்கலாம். குழாயின் வாய் நசுங்கியிருக்கும் என்பதால் 2 செ.மீ. உள்ளே, முன்பின்னாகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். சரியான அளவில் பில்லர் போட்டால், கிளாம்பைப் பூட்டாமலேயே கை அழுத்தத்தில் மெல்ல இறங்கும், ஆட்டம் இருக்காது.

நெருங்கிய காதுகளை, சரியான பில்லரைப் போட்டபடியே மெதுவாகத் திறந்து நேராக்கலாம். எஃகு இந்த அளவுக்கு மன்னிக்கும். காதின் அடியில் விரிசல் கண்டால் நிறுத்திவிட்டு, ஃபிரேம் கட்டுபவரிடம் கொடுங்கள்.

## சீட் பில்லர் அசையவே இல்லை

எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் பில்லர் பல வருடம் கிரீஸ் இல்லாமல் கிடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்கு வேண்டியது பொறுமை.

1. கிளாம்ப் போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். ஊடுருவும் எண்ணெயை மேலிருந்து விடுங்கள். பி.பி.யைக் கழற்றிவிட்டு, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, உள்ளிருந்தும் விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, நான்கைந்து நாள்.
2. பழைய சீட் ஒன்றைப் பூட்டி, அதைப் பிடித்து இடவலமாகத் திருகுங்கள். மேல்நோக்கி இழுக்காதீர்கள்.
3. அசையவில்லையென்றால் குளிர வையுங்கள். அலுமினியம் எஃகைவிட அதிகம் சுருங்கும். பில்லருக்குள் பனிக்கட்டியை நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்துத் திருகுங்கள். பில்லரும் எஃகாக இருந்தால் மாற்றிச் செய்ய வேண்டும்: வெளிக்குழாயைத் துணி சுற்றிக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, உடனே திருகுங்கள்.
4. பில்லரின் தலையைப் பெரிய வைஸில் பிடித்து, ஃபிரேமையே பிடியாக வைத்துத் திருப்புங்கள். இருவர் வேண்டும். ஒருவர் ஹெட் குழாயைப் பிடித்தால் போதும் என்று நினைத்தால் மேல் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஒருவர் ஹெட் குழாயையும் மற்றவர் பி.பி. பக்கத்தையும் பிடித்து ஒன்றாகத் தள்ள வேண்டும்.

பதினொரு நாள் அசையாத ஒரு பில்லரை எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் நாள் காலை, திருகிய கையில் ஒரு சின்ன 'டிக்' மட்டும் தெரிந்தது. கண்ணுக்கு எந்த அசைவும் இல்லை. லக்கின் விளிம்பைச் சுற்றி, சுண்ணாம்புபோல வெள்ளைப் பொடி ஒரு முடியளவு கோடாக உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் இழுக்காமல் மறுபடி எண்ணெய் விட்டு மதியம் வரை விட்டுவைத்தேன். மதியம் கால் சுற்று. மாலைக்குள் முழுவதும் வெளியே வந்தது. அந்த முதல் பொடியைக் கண்டவுடன் ஆவேசப்பட்டு இழுப்பவர்கள்தான் பில்லரை உடைக்கிறார்கள்.

இதற்கும் அசையாவிட்டால் இரண்டு வழி. பில்லரை வெட்டி, உள்ளே ரம்பப் பட்டையை விட்டு நீளவாக்கில் அறுத்து, சுருட்டி எடுப்பது ஒன்று. ரம்பம் எஃகைத் தொட்டுவிடக் கூடாது. மற்றொன்று காஸ்டிக் சோடா. அது அலுமினியத்தைக் கரைக்கும், எஃகை விட்டுவிடும். ஆனால் கொதித்துத் தெறிக்கும், எரியும் வாயு கிளம்பும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம், பெயிண்டும் போய்விடும். முன்அனுபவம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

வாங்கும் முன் பில்லரை ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்ப்பது என் முதல் சோதனை. விற்பவர் 'அது சரியான உயரத்தில்தான் இருக்கிறது' என்று சொன்னால், கட்டாயம் இறக்கிப் பாருங்கள்.

## கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

மக்கள் உடனே 'ஃபிரேம் கோட்டம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் மூன்று எளிய காரணங்கள் உள்ளன: அச்சு டிராப்அவுட்டில் முழுவதும் உட்காராமல் இருப்பது, ஹெட்செட் (ஹெட் குழாயில் ஃபோர்க் திரும்பும் பேரிங்) இறுகி இருப்பது, சக்கரம் நடுவில் இல்லாமல் இருப்பது.

வண்டியைத் தரையில் நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் தளர்த்தி, எடையைக் கொடுத்து மீண்டும் இறுக்குங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் தட்டுங்கள். தானாக இரு பக்கமும் விழ வேண்டும்.

அடுத்த சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். முன் ரிம்முக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றி, இடவலம் மாற்றிப் பூட்டி, மறுபடி அளந்து பாருங்கள்.

### ரிம் இப்போது எதிர்ப் பக்கம் ஒதுங்குகிறது

சக்கரம்தான் குற்றவாளி. ரிம் அச்சுக்கு நடுவில் இல்லை. ஒரு பக்க நிப்பிள்களை அரைச் சுற்று தளர்த்தி, மறுபக்கத்தை அரைச் சுற்று இறுக்கி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

### ரிம் முன்பு இருந்த அதே பக்கத்தில் நிற்கிறது

ஃபோர்க்தான் கோட்டம். பின் சக்கரத்துக்கும் இதே சோதனை பொருந்தும். அப்போது குற்றம் பின் கால்களில் இருக்கும். சீட்டின் அடியிலிருந்தும் பி.பி.யிலிருந்தும் பின் அச்சுக்கு ஓடும் குழாய்களைத்தான் பின் கால்கள் என்கிறேன்.

பின் பக்கத்தை உறுதிசெய்ய நூல் போதும். வலது டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் குழாயை முன்பக்கமாகச் சுற்றி, இடது டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 1 மி.மீ. வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. 2, 3 மி.மீ. என்றால் குளிர்ந்த நிலையிலேயே வளைத்துச் சரிசெய்யலாம். அடுத்த பகுதியில் முறை இருக்கிறது. அதற்கு மேல் என்றால் அல்லது கோட்டம் ஃபோர்க்கில் என்றால், அளவு மேசையும் ஃபிரேமைப் பிடித்து நிறுத்தும் சாதனமும் வைத்திருக்கும் ஃபிரேம் கட்டுபவரிடம் போங்கள். ஃபோர்க்கை வீட்டில் நேராக்க வேண்டாம். அதன் கழுத்தில் மடிப்போ விரிசலோ இருந்தால் யாரிடமும் கொண்டுபோக வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

## பின் சக்கரம் டிராப்அவுட்டுக்குள் நுழையவில்லை

ஹப்பின் இரண்டு பூட்டு நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். ஃபிரேமில் டிராப்அவுட்டின் உள்முகங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். பழைய ஐந்து கியர் வண்டிகள் 120 மி.மீ., ஆறும் ஏழும் 126, அதற்குப் பிந்தைய சாலைச் சைக்கிள்கள் 130, மலைச் சைக்கிள்கள் 135.

126-இல் 130 ஹப் என்றால், கையால் விரித்தே சக்கரம் உள்ளே போகும். ஆனால் ஒவ்வொரு பஞ்சருக்கும் இந்தச் சண்டையைப் போட வேண்டியிருக்கும் என்பதால் விற்கும் வண்டியில் அப்படி விடுவதில்லை, விரித்தே கொடுக்கிறேன். 120-இலிருந்து 126-க்குப் பக்கத்துக்கு 3 மி.மீ., 130-க்கு 5 மி.மீ.

ஃபிரேமைப் படுக்க வைத்து, நீண்ட மரச்சட்டத்தின் ஒரு முனையை ஹெட் குழாயில் தாங்கவிட்டு, சீட் குழாயை ஒட்டிச் செலுத்தி, ஒரு பின் காலை மட்டும் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு நூல் வைத்து அளந்து பாருங்கள். பிறகு மறுபக்கம். நட்டுப் போட்ட மரைக்கம்பியை நடுவில் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் விரிப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் இரண்டு கால்களும் ஒரே அளவில் வளைந்துகொடுக்காது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விரித்த பிறகு டிராப்அவுட்டுகள் இணையாக இல்லாமல் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும்; அவற்றை நேராக்காமல் விட்டால் அச்சு வளையும், ஒடியும்.

அலுமினியம், கார்பன் ஃபிரேம்களில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. எஃகிலும் ஒரு விலக்கு உண்டு: ரெனால்ட்ஸ் 753 ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிரேம். சூட்டில் பதப்படுத்திய மெல்லிய குழாய் அது. வளைக்காமல் பொருத்தமான ஹப்பைத் தேடுங்கள்.

## செயின் தாவுகிறது

பன்னிரண்டு முழுக் கண்ணிகளை அளவுகோலால் அளந்து பாருங்கள். புதிய செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். புதிய செயினை மட்டும் போட்டால் முன்பைவிட அதிகமாகத் தாவும். பழைய செயினையும் அதோடு ஓடிய ஃப்ரீவீலையும் பிரித்து விற்காதீர்கள், பிரித்து வாங்காதீர்கள்.

எல்லாப் பல்லிலும் இல்லாமல், சில சுற்றுக்கு ஒரு முறை மட்டும் தாவினால் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயினைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால், கியர் மாற்றும் டெரெய்லரின் சிறு சக்கரத்தில் அது துள்ளும். இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் நெளித்து விடுங்கள்.

செயின் அசையாமல் பெடல் மட்டும் திடீரென வெறுமனே சுற்றினால், அது ஃப்ரீவீலுக்குள் பல்லைக் கவ்வும் சிறு கொக்கியான நாய்ப்பல்லின் பழுது. உள்ளே கெட்டியான பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு முறை முயலலாம். மறுபடி வந்தால் ஃப்ரீவீலை மாற்றுங்கள். நின்று மிதிப்பவரை இது முன்னால் தள்ளிவிடும்.

கியர் மாற்றம் ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் தடுமாற்றமாகவும் இருந்தால் டெரெய்லர் தொங்கும் காது வளைந்திருக்கிறது. எஃகுக் காதைக் குளிர்ந்த நிலையிலேயே நேராக்கலாம்.

## ஹேண்டில் நேராக இருக்கும்போது கவ்வுகிறது

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால், ஹெட்செட் கிண்ணத்தில் குண்டுகள் குழி பதித்துவிட்டன. கூட்டில் அடைத்த குண்டுகளை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள உதிரிக் குண்டுகளைப் போட்டால் எண்ணிக்கை கூடும், குழிகளோடு பொருந்தாது; இன்னும் சில காலம் ஓடும். நிரந்தரத் தீர்வு புதிய ஹெட்செட்.

### பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டக்' என்று ஆடுகிறது

இறுக்கியும் ஆட்டம் போகவில்லை என்றால், ஃபோர்க்கின் கழுத்தில் உட்காரும் அடிவளையத்தைப் பாருங்கள். 26.4 மி.மீ. கழுத்தில் 27.0 மி.மீ. வளையத்தை யாரோ போட்டிருப்பார்கள். கையால் கழன்று வந்தால் அதுதான். அடித்து உட்கார வேண்டிய வளையம் அது.

### ஸ்டெம் ஃபோர்க்குக்குள் இறங்கவில்லை, அல்லது ஹேண்டில்பார் கையழுத்தத்தில் சுழல்கிறது

ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம். 22.2 மி.மீ. ஸ்டெம்மைப் பிரெஞ்சு 22.0 மி.மீ. ஃபோர்க் தண்டில் அடித்து இறக்காதீர்கள். உப்புத்தாளால் தேய்த்து இறக்கலாம். ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 25.4, 26.0, 26.4 என மூன்று அளவிலும் கிடைக்கிறது. 26.4-க்கான ஸ்டெம்மில் 25.4 பாரைப் போட்டுத் தகரம் சுற்றி இறுக்கிய வண்டிகள் வந்திருக்கின்றன. ஹேண்டில்பாரில் தகரம் வேண்டாம். சரியான ஜோடியைத் தேடுங்கள்.

## டயர் ரிம்மில் உட்கார மறுக்கிறது

'26 அங்குலம்' என்ற எழுத்தை நம்பாதீர்கள். அந்தப் பெயரில் 559, 571, 584, 590, 597 மி.மீ. என ஐந்து விட்டங்கள் உண்டு. டயரின் ஓரத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்ணும் ரிம்மின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 27 அங்குல டயர் 630, 700சி டயர் 622. முன்னது 700சி ரிம்மில் சுலபமாக ஏறும். காற்றடித்ததும் கழன்று வெடிக்கும்.

27 அங்குல ஃபிரேமில் 700சி சக்கரம் போடுவது நல்ல மாற்றம்தான். பிரேக் கட்டை 4 மி.மீ. கூடுதலாகக் கீழே எட்ட வேண்டும். வாங்கும் முன் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## பின் சக்கரத்தில் ஸ்போக்ஸ் அடிக்கடி உடைகிறது

ஒன்று உடைந்தால் மாற்றிக் கோட்டம் எடுங்கள். மூன்றாவது உடையும்போது, மீதி எல்லாமே களைத்துவிட்டன என்று பொருள். புதிய ஸ்போக்ஸ் முழுவதும் போட்டு, போதிய இறுக்கத்தில் கட்ட வேண்டும். சக்கரம் கட்டத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

## பிரேக் பிடிக்கவில்லை

கட்டையை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியாவிட்டால் ரப்பர் இறுகிவிட்டது, புதிதாக மாற்றுங்கள். கேபிளை உறையோடு மாற்றுங்கள். வி பிரேக்குக்கு (ரிம்மின் இரு பக்கமும் நீண்ட கைகள் உள்ள பிரேக்) அதிகக் கேபிளை இழுக்கும் லீவர் வேண்டும். பழைய சாலைச் சைக்கிள் லீவரோடு அது வேலை செய்யாது. குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் சரியாகப் பிடிக்காது. கட்டையை மாற்றி ஓரளவு தேற்றலாம். அலுமினிய ரிம்தான் தீர்வு.

## பெயிண்டில் கோடு, சுருக்கம், வீக்கம்

வாங்கும் முன்பும் விற்கும் முன்பும் இந்தச் சோதனை கட்டாயம். கொலம்பஸ் எஸ்எல் போன்ற குழாயின் சுவர் நடுவில் 0.6 மி.மீ.தான், ஒளித்துவைக்க அதில் இடமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில், ஹெட் குழாயை ஒட்டிய லக்கின் பின்னால் விரலை ஓட்டுங்கள். மேல் குழாயின் அடியிலும் அதேபோல். மேடு தட்டுப்பட்டால் வண்டி முன்னால் மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அலை விரலுக்குத் தெரியும். புதிய பெயிண்ட் என்றால் சிறு காந்தத்தை நூலில் கட்டிக் குழாய் நெடுகக் கொண்டுபோங்கள். அடியில் பட்டி பூசிய இடத்தில் பிடிப்பு தளரும்.

### கோடு பெயிண்டில் மட்டும் உள்ளது

மெல்லிய உப்புத்தாளால் இரும்பு வரை தேயுங்கள். கோடு மறைந்தால் பெயிண்ட் விரிசல்தான்.

### கோடு இரும்பிலும் தொடர்கிறது

ஓட்டுவதை நிறுத்துங்கள். பி.பி. ஷெல்லைச் சுற்றியும், டிராப்அவுட்டின் மேலும், சீட் லக்கின் காதடியிலும் இவை வரும். கேட் கட்டும் பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைக்காதீர்கள். மெல்லிய குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது. ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். பித்தளை அல்லது வெள்ளிப் பற்றாசால் ஒட்டவும் குழாயையே மாற்றவும் ஃபிரேம் கட்டுபவரால் முடியும். செலவு ஃபிரேமின் மதிப்பைத் தாண்டுமா என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

### உள்ளே துரு

பி.பி.யைக் கழற்றி டார்ச் அடியுங்கள். செந்நிறப் பூச்சு மட்டும் இருந்தால் துடைத்து, துருத் தடுப்பு எண்ணெயை விட்டு ஃபிரேமைப் புரட்டி எடுத்தால் போதும். பி.பி.க்குப் பக்கத்தில் பின் கால்களின் அடியைத் திருப்புளி முனையால் அழுத்துங்கள். முனை உள்வாங்கினால் ஃபிரேம் முடிந்தது.

அந்த ஃபிரேமை நான் விற்பதில்லை. பாகங்களைக் கழற்றிக்கொண்டு, பி.பி. ஷெல்லை ரம்பத்தால் குறுக்கே அறுத்த பிறகே பழைய இரும்புக்குப் போடுகிறேன். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறுபடி ஓட்ட விடுவார்கள்.